அறுபத்தைந்து கிலோ பொன்னுத்தாய்

பொன்னுத்தாய் 'கபடி' என்று மூச்சைப் பிடித்தால் மேட்டூர் அணையில் தண்ணி ரெண்டடி இறங்கும். மூச்சை விட்டால் கோடியக்கரையில் இறங்கின பறவையெல்லாம் பயந்துபோய் வந்த வழியே ரஷ்யாவுக்குத் திரும்பிவிடும். அவள் மிதித்த மண்ணை மன்னார்குடியில் சிமெண்டுக்குப் பதிலாகக் கலந்து வீடு கட்டுகிறார்கள். நம்பாதவர்கள் பனையவாய்க்காலுக்கு வந்து பார்க்கலாம். மன்னார்குடியிலிருந்து ஒரு நாளைக்கு மூணு பஸ், டிரைவருக்கு மனசு இருந்தால் நாலு.

அப்பா நல்லக்கண்ணு கோயில் நிலத்தில் ரெண்டு ஏக்கர் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். அம்மா ராமாயிக்கு இருதயத்தில் கோளாறு. கால் வீங்கிக்கொள்ளும், அதற்குப் பெரியாஸ்பத்திரியில் நீர் பிரிகிற மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரையும் ரேஷன் கார்டும் குத்தகைச் சீட்டும் ஒரே தகரப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். அம்சம் என்று ஒரு தங்கச்சியும் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். ஊர்ப் பெரும்புள்ளி செல்லதுரையின் புல்லட் சீட்டில் சாணி தடவியது அவள்தான் என்று ஊரில் ஒரு பேச்சு, நிரூபித்தவர் யாரும் இல்லை. இந்தக் கதையில் அவளுக்கு வேலை கிடையாது.

தலையில் நாற்றுக்கட்டோடு பொன்னுத்தாய் வாய்க்காலைத் தாண்டியதைப் பார்த்துவிட்டு சைக்கிளோடு சேற்றில் விழுந்தவர் டிரில் மாஸ்டர் மீரா உசேன். எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, கபடி ஆடுவியா?" அப்படித்தான் ஆரம்பித்தது. பத்தொன்பது வயதில் அவள் தமிழ்நாட்டு ஜூனியர் டீமில் எதிராளி கோட்டுக்குள் பாடிப்போகிற ரைடர். கும்பகோணத்தில் தென்மண்டலப் போட்டி. அதில் நன்றாக ஆடினால் இந்திய முகாம். முகாமுக்குப் போனால் போலீஸ் வேலை ஏறக்குறைய நிச்சயம்.

ஜூனியர் பெண்களுக்கு எடை அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது. பொன்னுத்தாய் எடை பார்த்தது எங்கே? ஊரில் நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறதே, அங்கே. அந்தத் தராசு நாற்பத்திரண்டு கிலோ நெல்லை நாற்பது என்று காட்டும். ஊரே அதைத் திட்டிக்கொண்டுதான் மூட்டை போடும். மீரா உசேன் சார் கலெக்டருக்கு மனுவே கொடுத்திருந்தார். இத்தனையும் தெரிந்த பொன்னுத்தாய், தராசு நெல்லுக்குத்தான் பொய் சொல்லும், ஆளுக்குமா சொல்லும் என்று நினைத்துவிட்டாள். ஏறி நின்றாள். அறுபத்திநாலு. சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சோறு தின்றாள்.

போட்டிக்கு முதல் நாள் சார் மன்னார்குடியில் நல்ல தராசில் நிறுத்தினார். அறுபத்தேழு.

"பொன்னுத்தாய், நாளைக் காலையில ஒம்பது மணிக்கு எடை. ரெண்டு கிலோ எறங்கலைன்னா உன்னைக் கோட்டுக்குள்ள விட மாட்டாங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் அப்பாவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வரப்பில் ஓடினாள். வைக்கோல் போருக்குள் கழுத்துவரை புதைந்து உட்கார்ந்து வேர்த்தாள். எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பினாள். கடைசியில் அங்கேயே அழுதாள். விடிவதற்கு முன்னால் தகரப் பெட்டியைத் திறந்து, அம்மாவின் மாத்திரை ஒன்றை எடுத்து, எலுமிச்சம்பழத் தண்ணியோடு முழுங்கிவிட்டாள். கும்பகோணம் போவதற்குள் நீடாமங்கலத்தில் ஒருமுறை, வலங்கைமானில் ஒருமுறை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள். கண்டக்டர் சாபம் விட்டார். எடை அறுபத்திநாலு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் மறுபடி மேட்டூர் தண்ணி இறங்கும். பதினாறு பாயிண்ட். ஆட்டம் முடிந்ததும் ஊக்கமருந்துச் சோதனைக்கு என்று ரெண்டு அம்மாக்கள் வந்து ஒரு ரூமுக்குக் கூட்டிப்போய்ச் சிறுநீர் வாங்கிக்கொண்டார்கள்.

ரெண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தடை செய்த மருந்து இருந்ததாம். அந்த மாத்திரை தெம்பு எதுவும் கொடுக்காது, ஆனால் வேறு மருந்து தின்றவர்கள் அதை மறைக்க இதைப் போட்டுக் கழுவிவிடுவார்களாம். விசாரணை முடியும்வரை ஆடக்கூடாது. டீக்கடையில் மறுநாளே பேசினார்கள்: "ஊசி போட்டுத்தான் ஆடியிருக்கு. இல்லாட்டி பொம்பளப் புள்ளைக்கு அவ்வளவு மூச்சு எங்கேருந்து வரும்?"

அப்புறம் செல்லதுரை வந்தார். கபடிச் சங்கத்துக்கு மாவட்டத் தலைவர், கோயில் அறங்காவலருக்கு மைத்துனர், கொள்முதல் நிலையத்தில் அவர் ஆட்கள்தான் மூட்டை தூக்குவது. ஆட்சி மாறினால் வேட்டிக் கரையை மட்டும் மாற்றிக்கொள்வார். டைப் அடித்த தாளோடு வந்திருந்தார்.

"ஏம்மா, நீ சின்னப் புள்ளை. மீரா உசேன் குடுத்த மாத்திரைய வெவரம் தெரியாம போட்டுக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து. மிச்சத்த நான் பாத்துக்குறேன். ஆறு மாசத்துல ஆடலாம்."

"சார் குடுக்கலையே."

"குடுக்கலைன்னா என்ன, அவரு வாத்தியாரு, ஏதாவது சொல்லித் தப்பிச்சுக்குவாரு." நல்லக்கண்ணு பக்கம் திரும்பினார். "குத்தகை வேற இந்த வருஷம் புதுப்பிக்கணும்ல?"

நல்லக்கண்ணு துண்டை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். "அய்யா, கையெழுத்து போடப்போறது அது. அதுகிட்டயே பேசுங்க."

பொன்னுத்தாய் தாளை வாங்கி நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "தராசுக்கு மனு குடுத்ததுக்கு சாரைப் பழிவாங்க என் கை வேணுமா? இந்தக் கை ரைடு போறதுக்கு மட்டும்தான். காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கிளம்புங்க."

விசாரணை சென்னையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூணு பேர்.

"யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கலை. எங்கம்மா மாத்திரை. நானே எடுத்துப் போட்டேன்."

"தப்புன்னு ஒத்துக்கிறியா?"

"போட்டது தப்பு. பதினாறு பாயிண்டு எடுத்தது தப்பில்லை. அதையும் எழுதிக்குங்க."

"அதெல்லாம் இதுல எழுத எடமில்லம்மா."

"கையெழுத்துக்குக் கீழ எடம் இருக்கு சார், நானே எழுதிக்கிறேன்" என்று சொல்லி எழுதியும் விட்டாள்.

ரெண்டு வருஷம் தடை. டீமோடு ஆடக்கூடாது, டீமோடு பயிற்சி எடுக்கவும் கூடாது. சரி என்றாள். அறுப்பு முடிந்த வயலில் சுண்ணாம்பால் கோடு போட்டு, ஏழு மூங்கில் குச்சி நட்டு, தினமும் சாயங்காலம் தனியாக ரைடு போனாள். டீக்கடையில் சிரித்தார்கள். அவள் குச்சிக்கெல்லாம் பேர் வைத்தாள். நடுக்குச்சிக்குச் செல்லதுரை.

குறுவை நெல் போடுகிற சமயம், மன்னார்குடி ஆஸ்பத்திரியில் எடை பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு நேராகக் கொள்முதல் நிலையத்துக்கு வந்தாள். மூட்டைகளோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும் தராசில் ஏறினாள்.

"காலையில அங்க அறுபத்தெட்டு. இங்க அறுபத்தஞ்சு. வர்ற வழியில பஸ்ஸ எங்கயும் நிறுத்தல. மூணு கிலோ பொன்னுத்தாய் எங்கய்யா போச்சு?"

ஒருவர் தன் மூட்டையைத் தராசுப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார், அடுத்தவரும் இழுத்தார். அன்று மாலைவரை ஒரு மூட்டைகூட ஏறவில்லை. மறுநாள் தாசில்தார் வந்தார், தராசு மாறியது. குத்தகைச் சீட்டு இன்னும் வரவில்லை. அதற்காக நல்லக்கண்ணு நடவை நிறுத்தவும் இல்லை.

இந்த மாசியோடு தடை முடிகிறது. ஊர் விளையாட்டு விழா மலருக்கு அவளைப் பற்றி எழுதச் சொன்னவர் மீரா உசேன் சார். எழுதியது அம்சம். இதுவரை எழுதியதை வயலுக்குக் கொண்டுபோய் நீட்டினாள். அக்கா ஒரு குச்சியில் சாய்ந்துகொண்டு படித்தாள். சிமெண்டு வருகிற இடத்தில் சிரித்தாள். வைக்கோல் போர் தாண்டியதும் படிப்பதை நிறுத்தினாள்.

"ஏய், பெட்டியத் திறந்து நான் மாத்திரை எடுத்தேன்னு எழுதியிருக்க. அம்மா சாவியத் தொலைக்குதுன்னு அன்னைக்கெல்லாம் அது யாரு பாவாடை நாடாவுல தொங்குச்சு?"

அம்சம் வானத்தில் கொக்கு பார்த்தாள்.

"நீ கொண்டாந்து குடுத்த எலுமிச்சம்பழத் தண்ணி கசந்துச்சுடி."

"கொட்டையோட பிழிஞ்சிட்டேன்."

"கொட்டைக் கசப்பு எனக்குத் தெரியாதா? லெட்டர் வந்த அன்னைக்கே நீ மாத்திரையக் கரைச்சது புரிஞ்சுபோச்சு."

"நீ அழுதியேக்கா. எடை எறங்கினா அழ மாட்டேன்னு நெனச்சேன்." பாவாடை நாடாவை முறுக்கிக்கொண்டே கேட்டாள். "தெரிஞ்சுமா நானே போட்டேன்னு சொன்ன?"

"பதினஞ்சு வயசுப் புள்ளைய அந்த மேஜைக்கு முன்னால நிறுத்தச் சொல்றியா? அது கமிட்டிக்குச் சொன்னது. மலரு நம்ம ஊருக்கு." தாளோடு பேனாவையும் தங்கச்சியின் கையில் திணித்தாள். "'இந்தக் கதையில் அவளுக்கு வேலை கிடையாது'ன்னு போட்டிருக்கியே, முதல்ல அந்த வரிய அடி."