தெட்சிணாமூர்த்தி அண்ணன் நம்பிய மெஷின்

எங்கள் தெருவில் யாராவது புதிதாக ஒரு சாமான் வாங்கினால் அதைத் தெட்சிணாமூர்த்தி அண்ணன் கண்ணில் காட்டமாட்டார்கள். காட்டினால் வாங்கிய சந்தோஷம் அன்றைக்கே போய்விடும். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிளக்கில் சொருகி வைத்தால் கரண்டு பில் பாதியாகும் என்ற விளம்பரத்தை நம்பி நான் ஒரு டப்பா வாங்கி வந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு பச்சை விளக்குதான் இருக்கிறது, இனிமேல் அதற்கும் சேர்த்து நான் பில் கட்டவேண்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். அதனாலேயே எனக்கு எரிச்சல்.

அவர் வீடும் என் வீடும் ஒரே சுவர். சாயங்காலமானால் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, செல்போனில் வருகிற புதுக் கண்டுபிடிப்புச் செய்திகளைச் சத்தமாகப் படிப்பார். எதிரே அவர் மனைவி உமாமகேஸ்வரி அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். வியர்வையிலேயே சார்ஜ் ஏறும் கைக்கடிகாரம் என்று செய்தி வந்தால், காரைக்கால் சித்திரை வெயிலுக்கு ஊருக்கே கரண்டு கொடுக்கலாம் என்பார். மனதில் நினைப்பதைப் படிக்கிற தொப்பி வந்துவிட்டது என்றால், படித்துவிட்டு அது என்ன பாடுபடுமோ, பாவம் என்பார். ஆனால் குரலில் உற்சாகம் ஒன்றும் இருக்காது. உலகம் மாறப்போகிறது என்று தினமும் ஒருவன் சொல்கிறான், நம் தெருச் சாக்கடை மட்டும் அப்படியே இருக்கிறது என்று கடைசியில் ஒரு பெருமூச்சு விடுவார். அலுத்துப்போன மனுஷன்.

அண்ணி மட்டும் சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் சிரித்தால் அவர் கண்டுகொள்வதே இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள், சந்திரலேகா. சென்னையில் இருக்கிறாள். போனில் ஒன்று கேட்டால் அம்மா வேறொன்று சொல்கிறாள், காது மந்தமாகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். காதில் வைக்கும் ஒரு கருவியின் விளம்பரத்தை அப்பாவுக்கு அனுப்பினாள். அதையும் அவர் அன்றைய செய்திகளோடு சேர்த்துப் படித்தார். எத்தனை கூட்டத்திலும் வேண்டியவர் குரலை மட்டும் அந்தக் கருவி தனியாகப் பிரித்துக் கொடுக்குமாம். கல்யாணமான நாளிலிருந்து இவளும் அதைத்தான் செய்கிறாள், என் குரலைத் தனியாகப் பிரித்து வெளியே தள்ளிவிடுகிறாள் என்றார். அண்ணி சிரித்தார். உடனே அண்ணன் மகளைப் போனில் கூப்பிட்டு, உன் அம்மாவுக்குக் காது பாம்புக்காது என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு மாங்கனித் திருவிழா வந்தது. பிச்சாண்டவர் சப்பரம் எங்கள் வீதி வழியாகத்தான் போகும். வேண்டுதல் பலித்தவர்கள் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். கீழே அதைப் பிடிக்க ஊரே கையை நீட்டிக்கொண்டு நிற்கும். சந்திரலேகா வேண்டிப் பெற்ற பிள்ளை. அவள் பிறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட அண்ணி இறைக்காமல் இருந்ததில்லை. பழக்கூடையை முன்கூட்டி மாடிக்குக் கொண்டுபோனால் வெயிலில் வதங்கும் என்று சாமி படத்துக்கு முன்னால் வைத்திருப்பார். மேளச்சத்தம் தெருமுனைக்கு வந்ததும் தூக்கிக்கொண்டு ஏறுவார்.

அன்றைக்கு அண்ணனும் நானும் அவர் வீட்டு மாடியில் நின்றோம். தலைக்கு மேலே ஒரு ட்ரோன் கேமரா பறந்துகொண்டிருந்தது. சாமியைக் கையால் கும்பிடாமல் ரிமோட்டால் கும்பிடுகிறார்கள் என்று அண்ணன் அதைக் கேலி செய்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மேளம் முனை திரும்பியது. அண்ணி வரவில்லை. அண்ணன் படிக்கட்டில் குனிந்து கூப்பிட்டார். பிறகு கத்தினார். எதிர்வீட்டு மாடியிலிருந்து பழம் பறந்தது. சப்பரம் எங்களுக்கு நேர் கீழே வந்தது, நின்றது, போயே விட்டது.

கோபத்தோடுதான் இறங்கினார். நானும் பின்னால் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அண்ணி ஒவ்வொரு பழமாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நிழலாடியதும் திரும்பினார்.

"ஏங்க, சாமி எந்தத் தெருவுல வருது? இந்த வருஷம் ரொம்ப லேட்டாவுதே."

அண்ணன் கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சப்பரத்தின் பின்னாலேயே ஓடினார். அடுத்த வீதியில் அஜீசுன்னிசா அக்கா வீட்டு மாடியில் இடம் கேட்டு ஏறி, சாமி தாண்டுவதற்குள் அத்தனை பழத்தையும் இறைத்து முடித்தார்கள். அண்ணி அழுதுகொண்டே இறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அண்ணிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று வாயசைவு தெரியும்படி நிதானமாகக் கேட்டார். சரியாகத் தெரியவில்லை, எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார் அண்ணி.

"அப்ப நான் சாயங்காலத்துல படிக்கறது?"

"படிச்சு முடிச்சா ஒங்க தோள் குலுங்குமுல்ல. அப்ப சிரிச்சுக்குவேன்."

மகள் அனுப்பிய விளம்பரத்தை அன்றைக்கு மறுபடி எடுத்து முழுக்கப் படித்தார். கேலி ஒரு வார்த்தை இல்லை. அதில் சொல்லியிருப்பது உண்மையாக இருக்குமா தம்பி என்று என்னிடம் கேட்டார். எதையுமே நம்பாத மனுஷன், பச்சை விளக்கு டப்பா வாங்கி ஏமாந்த என்னிடம் கேட்டார். எனக்குப் பரிதாபமாக இருந்தது. காது டாக்டரிடம் போய்ப் பரிசோதித்து, கருவி வாங்கி மாட்டினார்கள்.

விளம்பரத்தில் சொன்னதில் பாதி புளுகுதான். வேண்டியவர் குரலையெல்லாம் அது பிரிக்கவில்லை. மிக்சியும் பஸ் ஹாரனும் காக்கையும் ஒன்றாகக் காதுக்குள் புகுந்து அண்ணிக்குத் தலைவலி வந்தது. பகலில் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். சொன்னேனே என்று அண்ணன் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. செய்தி படிப்பதையும் நிறுத்திவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது, அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்து, கருவியைக் காதில் பொருத்திக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். படியுங்கள் என்று தலையை ஆட்டினார். அவர் தயங்கித் தயங்கி ஒன்றைப் படித்தார். முட்டை தீர்ந்தால் தானே கடைக்குத் தகவல் அனுப்பும் ஃபிரிட்ஜ். கடன் சொல்வதற்கும் அதையே அனுப்பலாம் என்றார். தோள் குலுங்கியது.

அண்ணி சிரிக்கவில்லை. அவர் போனிலிருந்து பதறி நிமிர்ந்தார்.

"கேக்கலையா?"

"நல்லா கேட்டுச்சு. இத்தன நாளா இதுக்கா நான் சிரிச்சேன்?"

அண்ணனின் கண் கலங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மெஷின் வேலை செய்யுது."