மாமி கழுவாத தரை

என் மேசையில் கடதாசிகள் பறக்காமல் இருக்க ஒரு முதிரை மரத் துண்டு வைத்திருக்கிறேன். முன்பு அது, கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் கட்டடப் பொருள் கடையில், தரைக்குப் போடும் பலகைகளின் மாதிரியாக இருந்தது. அதோடு லமினேட் துண்டொன்றும் இருந்தது. மரத்தூளை அழுத்திப் பலகையாக்கி, மேலே மரத்தின் படத்தை ஒட்டிய சாமான் அது. உருத்திரபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த மாமி, அப்பாவின் தங்கை, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி மாறி மாறித் தட்டிப் பார்த்தார். "எது பிள்ளை கனகாலம் இருக்கும்?" என்று கேட்டார்.

மாமிக்கு ஒரே மகன். சுவிஸ் போய், அங்கேயே கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகள். பேரப்பிள்ளைகளை மாமி தொலைபேசியில் மட்டும்தான் பார்த்திருந்தார். "அதுகளுக்குச் சீமெந்து நிலம் பழக்கமில்லை அம்மா, பலகை போட்டால் கூட்டிக்கொண்டு வாறன்" என்று அந்த மகன், என் மச்சான், சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மாமி கடை ஏறினார். நான் உள்ளதைச் சொன்னேன். முதிரை என்றால் கீறல் விழுந்தாலும் சீவிவிடலாம், தண்ணீருக்கும் கறையானுக்கும் லேசில் அசையாது, எங்களுக்குப் பிறகும் கிடக்கும். லமினேட் நல்லாய்ப் பார்த்தால் பத்துப் பதினைந்து வருசம், ஆனால் தண்ணீர் உள்ளே போனால் ஊதிவிடும், பிறகு திருத்த ஏலாது. ஆனால் முதிரை என்றால் மரம் தறிக்க அனுமதி எடுத்து, அரிந்து, காயவைத்து முடிக்க மாதக் கணக்காகும். லமினேட் மூன்று நாள் வேலை.

"ஓகஸ்ட் லீவுக்கு வாறானாம்" என்றார் மாமி.

"அப்ப லமினேட்டே போடுவம் மாமி. மச்சான் வரேக்க நிலம் இருக்கோணுமெல்லே" என்றேன். சொன்னது நான்தான். போகும்போது மாமி அந்த முதிரைத் துண்டைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சொன்னபடி மூன்று நாளில் வீட்டின் முன் ஹோலுக்கு லமினேட் போட்டு முடிந்தது. அந்த ஓகஸ்டில் மச்சான் வரவில்லை. வேலை மாறியதாம். அடுத்த வருசம் மூத்த பிள்ளைக்குச் சோதனை. அதற்கடுத்த வருசம் என்ன காரணம் சொன்னார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவர் வராமல் இருந்த காலத்துக்குள் முதிரையை அரிந்து காயவைத்து மூன்று தரம் போட்டு முடித்திருக்கலாம். இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் போட்டு எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

மாமி வெள்ளிக்கிழமைகளில் வாளி வாளியாக ஊற்றி வீடு கழுவுகிறவர். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். நான் சொன்னதற்காக, துணியை ஒட்டப் பிழிந்து, முழங்காலில் நின்று ஹோலைத் துடைத்தார். பக்கத்து வீட்டு அக்கா, "கழுவாத வீட்டில எப்பிடி விளக்குக் கொளுத்துறியள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். மாமி அதற்கும் சிரித்தார். மாரியில் ஓடு ஒழுகினால் சட்டியை வைத்துவிட்டு, அது நிறையுமட்டும் பக்கத்திலேயே குந்தியிருப்பார். "அவன் வந்து பாக்கேக்க புதுசா இருக்கோணும் பிள்ளை" என்பார். எனக்கு மச்சான்மேல் கோபம்தான் வரும்.

மாமி காய்ச்சலில் போனார். நான்கே நாள். பெட்டியை அந்தப் பலகை நிலத்தில்தான் வைத்தோம். மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. தொலைபேசியில் பார்த்து அழுதார். பெட்டி படலையைத் தாண்டியதும் வீடு கழுவ வேண்டும். பெண்கள் கிணற்றிலிருந்து வாளிகளோடு வந்து ஹோல் வாசலில் நின்றார்கள். "பிள்ளை, இந்த நிலத்துக்குத் தண்ணி ஊத்தலாமோ?" என்று அந்த அக்காதான் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "ஊத்துங்கோ" என்றேன். முதல் வாளியை நானே வாங்கி ஊற்றினேன். துக்கத்தில் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆத்திரத்தில் செய்தேன்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு மச்சான் வந்தார், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பொருத்துகள் ஊதி, மேல் படம் சுருண்டு கிடந்தது. பிள்ளைகள் அதில் இரண்டு தரம் தடக்கினார்கள். பிறகு குசினிக்குள் போய், சீமெந்து நிலம் குளிராக இருக்கிறதென்று வயிறு பட நீட்டிப் படுத்து விளையாடினார்கள்.

மச்சான் குந்தியிருந்து ஒரு விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். "மச்சாள், இது எத்தனை வருசம் தாங்குமெண்டு சொன்னனீர்?"

நான் குசினிக்குள் போனேன். முதிரைத் துண்டு தண்ணீர்க் குடத்துக்குக் கீழே, குடம் ஆடாமல் மாமி அண்டை கொடுத்தபடியே இருந்தது. இத்தனை வருசம் ஈரத்திலேயே கிடந்திருக்கிறது. ஊதவில்லை, வெடிக்கவில்லை. பிள்ளைகளைத் தாண்டி அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று காலையும் அதைத் தட்டிப் பார்த்தேன். அன்று மாமியின் மடியில் கேட்ட அதே சத்தம். இது எனக்குப் பிறகும் கிடக்கும். உருத்திரபுரத்து வீடு பூட்டிக் கிடக்கிறது.