கடைசிப் பங்கு அவனுடையது

மலேரியாக் காய்ச்சல் பரவி வீட்டுக்கு வீடு ஆள் விழுந்துகொண்டிருந்த வருடம் அது. நான் மாத்தளையில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சீனியர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். என் அப்பா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பரீட்சையில் பாஸ் பண்ணினால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் தோட்டத்துக்கு வந்து விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று ஆட்களைப் பெயர் கூப்பிடு என்று தீர்மானமாகச் சொல்லியிருந்தார். அந்தக் குளிரையும் அட்டைக்கடியையும் நினைத்துக்கொண்டுதான் நான் புத்தகத்தையே திறப்பேன்.

மற்றப் பாடங்களை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். ஆங்கில இலக்கியம்தான் கழுத்தைப் பிடித்தது. கதை தெரிந்தால் மட்டும் போதாது. நாலு வரியை எடுத்துப் போட்டு, இது எங்கே வருகிறது, யார் சொல்வது, ஏன் அப்படிச் சொல்கிறார், இதன் உட்பொருள் என்ன என்று கேட்பார்கள். அந்த வருடத்துக்கான கதைப் புத்தகம் எங்கள் பள்ளிக்கு ஒரே ஒரு பிரதிதான் வந்து சேர்ந்தது. மற்றவை கப்பலில் வருகின்றன என்றார்கள். கடைசிவரை வரவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்த எங்கள் இங்கிலீஷ் மாஸ்டர், ஒருநாள் சவரம் செய்யும் பிளேடோடு வகுப்புக்கு வந்தார். அட்டையைக் கழற்றி, தையலை அறுத்து, புத்தகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு கொடுத்துவிட்டார். "பெருநாளைக்குக் குர்பான் எறச்சி பங்கு வைக்கிற மாதிரி இருக்கு மச்சான்" என்று பக்கத்தில் இருந்த என் நண்பன் காதோரம் சொல்ல, நான் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

ஒவ்வொருவரும் தன் பங்கைப் படித்து, தன் முறை வரும் நாளில் எழுந்து நின்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். அதுவரை அதை வேறு யாருக்கும் காட்டக் கூடாது. அடுத்து என்ன வரும் என்று மாஸ்டரும் சொல்ல மாட்டார். சொன்னால் நாங்கள் காது கொடுத்துக் கேட்க மாட்டோமாம். அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். முதலில் உள்ளதைச் சொல், அதற்குப் பிறகு உனக்குத் தோன்றுவதைச் சொல். வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை பேசாத மனிதர் அவர். அந்தச் சட்டத்தையும் ஆங்கிலத்தில்தான் சொல்வார். தனக்குத் தோன்றுவதை மட்டும் அளந்துவிட்டவனை மணி அடிக்கும்வரை நிற்க வைப்பார். அப்படி நின்று நின்று எனக்குக் கால் பழகிப்போயிருந்தது.

கடைசிப் பங்கு என் நண்பனுக்குக் கிடைத்தது. அவன் கலேவெலைப் பக்கத்து முஸ்லிம் பையன். அங்கே அவன் வாப்பா ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். இவன் மாத்தளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தான். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் எனக்கென்று ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுவருவான். வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தருவான் என்பது வேறு விஷயம்.

கதை இதுதான். பனி கொட்டும் ஒரு நாட்டில், மலைப்பாதையில் வண்டிகளிடம் சுங்கம் வாங்கும் ஒரு கேட். அதை ஒட்டிய வீட்டில் இருந்துகொண்டு காவல் காப்பவள் ஒரு விதவை. அவளுடைய ஒரே மகன் தொலைவில் ஒரு கல்குவாரிக்கு வேலைக்குப் போகிறான். பனிக்காலம் தொடங்குவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. இரவானால் கேட்டைப் பூட்ட வேண்டும் என்பது கட்டளை. மகன் எந்த இரவில் வருவானோ என்று அவள் பூட்டாமலே விடுகிறாள். முதலாளி எச்சரிக்கிறான், வேலையை விட்டுத் துரத்துவேன் என்கிறான். அப்போதும் அவள் பூட்டவில்லை. இதுவரைக்கும் ஒவ்வொருவராக எழுந்து விளக்கிவிட்டோம். மீதி அவனிடம் இருந்தது. அதற்குள் விடுமுறை வந்துவிட்டது.

ஊருக்குப் போகும் அன்று பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனிடம், "மகன் வாறானா இல்லையா? அத மட்டும் சொல்லுடா" என்று கெஞ்சினேன்.

"என் முறை வர்ற அன்னைக்குக் கேட்டுக்க மச்சான்" என்று சிரித்தான். பஸ் போய்விட்டது. அதுதான் நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது.

காய்ச்சலால் பள்ளிக்கூடம் பிந்தித்தான் திறந்தது. பல இடங்கள் காலியாக இருந்தன. ஒவ்வொருவராக வெளிறிப்போய்த் திரும்பி வந்தார்கள். என் பக்கத்து இடம் மட்டும் அப்படியே கிடந்தது. அவன் காய்ச்சலில் இறந்து, அடக்கமும் முடிந்து, நாளாகிவிட்டது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கொஞ்ச நாள் மாஸ்டர் அந்தக் கதைப் பக்கமே போகவில்லை. ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவனுடைய வீட்டுக்குப் போய்வா, அந்தத் தாள்கள் இருந்தால் கேட்டுப் பார், கொடுக்க மனமில்லை என்றால் வற்புறுத்தாமல் திரும்பிவிடு என்றார். இந்த நேரத்திலும் இவருக்குத் தாள்தான் பெரிதா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு அந்தப் பக்கங்கள் இல்லாமல் என்ன செய்வது என்று நானும் உள்ளுக்குள் தவித்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மாத்தளையின் பச்சையைத் தாண்டி பஸ் கீழே இறங்க இறங்க ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வீட்டு வாசல்களில் வெயிலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் கொயினா மருந்துக்கு வரிசை நின்றது.

கடையின் பின்னால்தான் வீடு. அவனுடைய வாப்பா என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "வாங்க மகன். மாத்தளையால வாறீங்களா? உங்கள பத்தித்தான் எந்நாளும் கதைப்பான்" என்று முன்னறையில் வாங்குப் பலகையில் உட்கார வைத்தார். உள் வாசலில் ஒரு திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் அவன் உம்மா வந்து உட்காரும் சத்தம் கேட்டது. அந்த வீட்டுப் பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. வந்த பிளேன்டீயைக் குடித்து முடித்தேன். ஒருவழியாக, "அவன்கிட்ட பள்ளிக்கூடத்துப் புத்தகத் தாள் கொஞ்சம் இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் எழுந்து அலுமாரியின் மேலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். என் கையில் வைக்கப்போகும்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"குடுத்திராதீங்க."

அவர் கை அப்படியே நின்றது.

"மொதல்ல அதப் படிச்சு தமிழ்ல சொல்லட்டும். அதுக்குப் பொறகு கொண்டு போகட்டும்."

மகன் கடைசியாக என்ன படித்தான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள், பாவம் என்று நினைத்தேன். பொட்டலத்தை அவிழ்த்து, ஒரு வரி படிப்பதும் தமிழில் சொல்வதுமாகத் தொடங்கினேன். எனக்கும் அந்தப் பக்கங்கள் புதிது. அந்த விதவை தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே பனி விழுகிறது. விடியப்போகும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்கிறது. எழுந்து ஓடுகிறாள். வண்டியோடு ஆட்கள் நடந்து வருகிறார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போதே என் கண் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. இறந்தவருக்கு மரியாதையாக அல்லாமல், கொட்டுகிற பனியில் எவனாவது தொப்பியைக் கழற்றுவானா? வண்டியில் சாக்கால் மூடிக் கிடத்தியிருந்தது அவளுடைய மகன்தான். பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன். திரைக்கு அந்தப் பக்கம் தாய். இந்த வரியை நான் எப்படி வாயால் சொல்வேன்?

"வண்டியில மகன் உக்காந்து வந்தான்ங்க" என்றேன். "கால்ல மட்டும்தான் அடி. அம்மா ஓடிப் போய்க் கட்டிப் புடிச்சா. அதோட கதை முடிஞ்சிருச்சு."

தாளை மடித்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதிகூட எனக்கு வந்தது. திரை அசையவில்லை. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்ப கேட்டு?"

"என்னங்கம்மா?"

"கேட்டப் பூட்டினாளா இல்லையா?"

தாளைத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். அவள் கேட்டைப் பூட்டினாள் என்பதுதான் கதையின் கடைசி வரி. நான் அதைச் சொல்லவே இல்லை.

"எம் மகன் இத எனக்குச் சொல்லிட்டான் மகன்" என்றாள் அந்தத் தாய். "காய்ச்சல் வர முந்தியே. குசினில நான் சமைக்கக்குள்ள வந்து நின்டு சொல்லிக் காட்டுவான். உங்க வகுப்புல சொல்லப் பழகினான். அந்தப் புள்ளய மௌத்தாக்காம, உசிரோட கொண்டு வந்து முடிடான்னு நானும் சண்டை புடிச்சேன். ஏலாது உம்மா, உள்ளதத்தான் சொல்லணும், இல்லாட்டி மாஸ்டர் ஏசுவார்னு சிரிச்சான்."

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் கேட்ட மாதிரியே இன்னைக்கு நீங்க முடிச்சிட்டீங்க. கேக்க நல்லா இல்ல மகன். உள்ளதப் படிங்க. அவன் சொன்னதெல்லாம் எனக்கு மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு."

திரும்பவும் படித்தேன். இந்த முறை எதையும் விடவில்லை. சாக்கை விலக்கி அந்த விதவை மகனின் முகத்தைப் பார்த்ததையும், சுங்கம் வாங்காமல் வண்டியை உள்ளே விட்டதையும், பிறகு அத்தனை மாதம் தொடாத பூட்டை எடுத்துக் கேட்டைப் பூட்டியதையும் அப்படியே சொன்னேன். கடைசி வரியில் அவன் உம்மா என்னை நிறுத்தினாள்.

"இங்கதான் அவனும் நிப்பாட்டுவான். ஏன் பூட்டினா சொல்லுங்க உம்மான்னு கேப்பான். இனி வர யாருமில்ல, அதான் பூட்டினாள்னு சொன்னேன். இல்லவாம். நீங்க ராவைக்கு எப்ப உம்மா கதவுக்குத் தாப்பாள் போடுறீங்கன்னு கேட்டான். அவனே சொன்னான், வாப்பா கடைய மூடிட்டு வந்து, நான் கடைசி பஸ்ல வந்து, எல்லாரும் உள்ளுக்கு வந்த பொறகுதானே போடுறீங்க? அந்த அம்மாவும் அப்படித்தான். எப்படி வந்தாலும் மகன் வீட்டுக்கு வந்துட்டான். அதான் பூட்டுறா. இப்படித்தான் சொன்னான்."

என் பக்கத்தில் இருந்த அவன் வாப்பா எழுந்து கடைப் பக்கம் போய்விட்டார். அவர் இதையெல்லாம் அன்றுதான் முதல் தடவை கேட்டிருக்கிறார். நான் அழுதேன். ஒரு வகுப்பே மண்டையை உடைத்துக்கொண்டாலும் எங்களுக்கு எட்டாத ஒன்றை, தன் தாய் தினமும் செய்கிற வேலையிலிருந்து அவன் எடுத்திருந்தான். அதை எங்களிடம் வந்து சொல்லத்தான் அவனுக்கு ஆயுள் இல்லை.

"கொண்டு போங்க மகன், பரீட்சை எழுதுங்க" என்றாள். நான் எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"அந்தப் பொம்பளைட மகன வாசலால உள்ளுக்குக் கொண்டு வந்தாங்க. எம் மகன இந்த வாசலாலதான் வெளியில கொண்டு போனாங்க. நான் எப்படித் தாப்பாள் போடுறது?"

நின்றேன், பிறகு வெளியே வந்துவிட்டேன். பஸ் வரும்வரை அவன் வாப்பா என்னோடு வெயிலில் நின்றார். "அவ இன்னும் கதவுக்குத் தாப்பாள் போட விடுறாளில்ல" என்றார். "கள்ளன் வந்தாலும் வரட்டுமாம்." பஸ் வந்ததும் என் கையில் ஒரு சட்டித் தயிரைக் கொடுத்தார். மாத்தளைவரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடியைத் திறக்க மனம் வரவில்லை.

மறுநாள் வகுப்பில் அவனுடைய இடத்தில் நின்று அவன் பங்கை நான் விளக்கினேன். முதலில் உள்ளதைச் சொன்னேன். பிறகு அவனுக்குத் தோன்றியதைச் சொன்னேன். மாஸ்டர் ஒரு திருத்தமும் செய்யவில்லை. இந்த விளக்கம் உன்னுடையதா என்று கேட்டார். இல்லை சேர், அவனுடையது என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "உட்கார் தம்பி" என்று தமிழில் சொன்னார்.

இவ்வளவும் நடந்து, பரீட்சையில் அந்தக் கடைசிப் பக்கங்களிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. ஆனாலும் பாஸ் பண்ணிவிட்டேன். பிரட்டுக்களத்துக்குப் போகாமல் நானும் ஆங்கில ஆசிரியனானேன். மாஸ்டர் அந்தப் புத்தகத்தைத் திரும்பச் சேர்த்துத் தைத்தார். கடைசிப் பங்கை மட்டும் சேர்க்காமல் என்னிடம் கொடுத்து, கலேவெலையில் அந்தத் தாயிடமே சேர்க்கச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து வாங்கிக்கொண்டன. அந்த முறை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கதைகளின் முடிவுகளை மாணவர்களுக்கு விளக்கிவிட்டேன். உள்ளதைச் சொல், பிறகு தோன்றுவதைச் சொல் என்று நானும் பிள்ளைகளை நிற்க வைத்திருக்கிறேன். ஆனால் கலேவெலையில் அந்தத் தாய் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட கேள்விக்கு மட்டும், உள்ளதாகவும் சரி, தோன்றுவதாகவும் சரி, சொல்வதற்கு இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.