வெள்வேலமரமும் ஒரு கோடாலித் தடியும்

"எதிரி சென்னிமலை, வயது அறுபத்தொன்பது, த/பெ பழனியப்பன் (லேட்) என்பவர், அடையாளம் தெரியாத கூட்டாளிகள் சிலருடன் சேர்ந்துகொண்டு, பயங்கர ஆயுதத்தைப் பயன்படுத்தி, அரசுக்குச் சொந்தமான சாலையோர மரத்தைச் சட்டவிரோதமாக வெட்டி, அதனைக் கடத்தி விற்று ஆதாயம் அடையும் கெட்ட நோக்கத்துடன் செயல்பட்டுள்ளார்."

காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கை சொல்வது இது. இதில் வயது சரி. தகப்பனார் பெயரும் அவர் காலமானதும் சரி. கூட்டாளிகள் என்று பார்த்தால் ஏழு வெள்ளாடுகள் இருந்தன. மரம் விழுந்ததும் தழையைத் தின்றதைத் தவிர அவற்றின் பங்கு எதுவும் இல்லை. கடத்தலைப் பொறுத்தவரை, தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இரண்டு தடவை கீழே வைக்காமல் வீடு கொண்டுவந்து சேர்க்க அவரால் முடியாது. பயங்கர ஆயுதம் என்பது அவருடைய ஊன்றுகோல்.

அந்த ஊன்றுகோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடுப்புக்குச் சற்று மேலே வரும் வேலங்காம்பு. வழுக்காமல் இருக்க அடியில் சைக்கிள் டயர்த் துண்டு வைத்து ஆணியடித்திருந்தார். உச்சியில், மற்றவர்களின் தடியில் வளைவு இருக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கோடாலித் தலை. மொட்டைப் பக்கம் கைக்குள் அடங்கும். வெட்டும் வாய் முன்னால் பார்க்கும். வாய்க்கு, பனியன் கம்பெனிக் கழிவில் கிடைத்த, இழுத்தால் நீளும் ரிப் துணியில் ஓர் உறை, பச்சைக் குழந்தைக்குக் குல்லா போட்ட மாதிரி.

சென்னிமலை சாயப்பட்டறை ஒன்றில் பாய்லருக்கு விறகு போட்டவர். காடு காடாக லாரியில் வந்து இறங்கியதையெல்லாம் பிளந்து நெருப்பில் தள்ளியவர், நின்றுகொண்டிருந்த மரம் ஒன்றைக் கூட வெட்டியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒருநாள் லாரியிலிருந்து உருண்ட கட்டை அவர் இடது முழங்காலில் வந்து நின்றது. டாக்டர் தடி ஊன்றி நடக்கச் சொன்னார். சென்னிமலைக்கு அது பிடிக்கவில்லை. தடி ஊன்றிப் போனால் ஊர் கிழவன் என்று வழிவிடும், கோடாலி எடுத்துப் போனால் வேலைக்குப் போகிறவன் என்று நினைக்கும் என்பது அவர் கணக்கு. அவிநாசியில் ஒரு கொல்லரிடம் சொல்லி இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார். ஆடுகளுக்குத் தழை ஒடிக்கவும் தோதாக இருந்தது.

கணக்கு பலித்தது. டீக்கடையில் யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. "ஏனுங்க மாமா, யார வெட்டறக்குப் பொறப்பட்டாச்சு?" என்று கேட்டார்கள். "ஆளு தோதா மாட்ட மாட்டீங்கறானப்பா" என்று அவரும் நின்றபடியே டீயைக் குடித்தார்.

அவருடைய ஒரே மகன் அருள்செல்வன், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஷிப்மென்ட் நாள் ஒன்றில் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், எதிரே வந்த கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி, ஊருக்கு வெளியே வளைவில் நின்ற வெள்வேலமரத்தில் மோதி அங்கேயே இறந்தான். அவனுக்கு மனைவி ஜெயபாரதி இருந்தாள். நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்குழந்தையும் இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டைத் தாங்கிப் பிடித்தவன் இலியாஸ். காதர்பேட்டையில் பனியன் மொத்தக் கடை வைத்திருக்கிறான். அருள்செல்வனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பாடைக்கு முதலில் தோள் கொடுத்தது அவன்தான். ஜெயபாரதிக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை வாங்கித் தந்ததும், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், சென்னிமலையை அப்பா என்று கூப்பிட்டு மாதம் தவறாமல் வந்து பார்ப்பதும் அவனேதான். இவ்வளவு நல்லவனாக இருந்ததுதான் தொந்தரவாகிப்போனது.

முதல் நினைவு நாளுக்கு இலியாஸும் நண்பர்களும் அந்த வெள்வேலமரத்தில் ஒரு பிளக்ஸ் கட்டினார்கள். இந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். ஆள் போன இடத்திலேயே கண்ணீர் அஞ்சலி வைப்பார்கள். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அருள்செல்வன் சிரித்தான். கீழே வரிசையாக நண்பர்களின் முகங்கள் மட்டும் அழுவது மாதிரி இருந்தன. வெயிலில் அது வெளுத்ததும் மறு வருடம் புதிது வந்தது. முந்தியதைவிடப் பெரிது. அதற்கடுத்த வருடம் இன்னும் பெரிதாக, மரச்சட்டம் அடித்து, கிட்டத்தட்டத் தரையைத் தொடும்படி நிறுத்தினார்கள்.

ஜெயபாரதியின் கம்பெனி வேன் தினமும் இரண்டு தடவை அதைக் கடந்தது. குழந்தையின் பள்ளி வேனும்தான். ஜெயபாரதி கடக்கும்போது குனிந்து டிபன் பாக்ஸ் மூடியைச் சரிசெய்வாள். குழந்தைக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. ஜன்னல் வழியாகக் கையசைத்தது.

ஒரு சாயங்காலம் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமனாரிடம் அவள் வந்து நின்றாள்.

"மாமா, நா பாப்பாவக் கூட்டிக்கிட்டு டவுனுக்கு, ராயபுரத்துக்கே போயர்றனுங்க. எங்கம்மா ஊட்லயே இருந்துக்கறேன்."

"ஏஞ்சாமி? இங்க என்ன கொறச்சல்?"

"கொறச்சலெல்லாம் இல்லீங்க. பாப்பா தெனமும் அதப் பாத்து டாட்டா காட்டறா. அப்பா எப்ப எறங்கி வருவாங்கன்னு கேக்கறா. நா என்னன்னு சொல்லட்டுமுங்க?"

அவர் இலியாஸிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டுமா என்றார். என்னவென்று சொல்வீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். ஆசை ஆசையாக வைக்கிறவர்களிடம் போய், உங்கள் நண்பன் முகத்தை எங்களுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றா சொல்வது? வேண்டாம், பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறேன் என்றாள். பரீட்சை எல்.கே.ஜி. பரீட்சை.

அவளும் குழந்தையும் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் ஆடுகளும்தான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி காதர்பேட்டைக்குப் போனார்.

இலியாஸ் வியாபாரத்தை விட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்து உட்கார வைத்தான். டீ வந்தது, பன் வந்தது. சென்னிமலை தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது இலியாஸ் போனை நீட்டினான்.

"அப்பா, பாருங்க. வர்ற வருசத்துக்கு இப்பவே டிசைன் சொல்லிட்டனுங்க. இருட்டுனாலும் தெரியற மாதிரி லைட் வெக்கலாம்னு இருக்கறேன். நம்ம அருள் ஒரு நாளும் இருட்டுல நிக்கக் கூடாதுங்கப்பா." சொல்லும்போது அவன் கண் கலங்கியது.

சென்னிமலை படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா இருக்குது தம்பி" என்றார்.

ஒரு கட்டுப் பனியனோடு திரும்பி வந்தார். இந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதை நாக்கிலேயே ஊறிக் கிடக்கிறது. அவர்களிடம் எல்லாச் சொல்லும் உண்டு, ஒருவர் அன்பாகச் செய்வதை வேண்டாம் என்று சொல்லும் அந்த ஒரு சொல்லைத் தவிர. சென்னிமலையின் யோசனை அன்றோடு பிளக்ஸை விட்டு மரத்துக்குப் போனது. மரம் இல்லை என்றால் கட்ட இடம் இல்லை. இலியாஸின் மனமும் நோகாது. காற்றுக்கு விழுந்தது என்று விட்டுவிடலாம்.

காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வரும்போது ரிப் துணி உறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். பிளக்ஸுக்குப் பின்னால் போய் நிற்பார். வெட்டத் தொடங்கினால் ஊன்றுகோல் போய்விடுகிறது; அதுதான் கோடாலியாகிவிட்டதே. அதனால் இடது கையால் மரத்தையே பிடித்துக்கொண்டு, அந்த மரத்தையே வெட்டினார். வெள்வேலங்கட்டை லேசில் விழாது. சில வெட்டுக்குள் மூச்சு வாங்கும். உறையைப் போட்டுவிட்டு அடுத்த நாள் வருவார். காயத்தை மகனின் படம் மறைத்துக்கொண்டது.

வழியில் போனவர்கள் கண்டது பிளக்ஸுக்கு அடியில் தெரிந்த இரண்டு கால்களையும் ஒரு முனகலையும்தான். தகப்பன் வந்து அழுகிறார் என்று வண்டியை மெதுவாக்கி, தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்கள் நினைத்தது முழுக்கத் தப்பும் இல்லை.

மரம் விழுந்த காலையில் காற்றே இல்லை. அவர் எண்ணியதற்கு எதிர்ப்பக்கமாக, மின்கம்பியை இழுத்துக்கொண்டு, சாலைக்குக் குறுக்கே விழுந்தது. பிடித்துக்கொண்டிருந்த துணை போனதால் அவரும் விழுந்தார். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் நிட்டிங் கம்பெனிகள் மதியம் வரைக்கும் நின்றுபோயின. ஒரு மரத்துக்காக யாரும் போலீஸுக்குப் போகமாட்டார்கள். மெஷின் நின்றால் போவார்கள்.

காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் ஒச்சாயி, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், கையை நீட்டினார்.

"என்னய்யா பெரியவரே, அந்தக் கம்ப இப்பிடிக் குடும்."

"இத வாங்கிட்டா நா எப்பிடீங்க நடக்கறது?"

"நடக்கக் கூடாதுன்னுதான புடிச்சு வச்சிருக்கோம்."

பெஞ்சுக்கு அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள். கோடாலித் தடியின் காம்பில் சாக்குநூலால் ஓர் அட்டையைக் கட்டி மூலையில் சாய்த்தார்கள். உறை அவர் மடியிலேயே இருந்தது.

ஜெயபாரதியை அழைத்துக்கொண்டு இலியாஸ் வந்து சேர்ந்தான். யாரோ செய்ததை அப்பா மீது போடுகிறார்கள் என்று அவன் சண்டைக்கே தயாராக வந்திருந்தான். ஒச்சாயி பெரியவரைப் பார்த்து எதற்கய்யா வெட்டினீர் என்று கேட்டார்.

சென்னிமலை இலியாஸைப் பார்த்தார். ஜெயபாரதி தரையைப் பார்த்தாள். உண்மை தெரிந்த இரண்டு பேரும் அந்த அறையில் இருந்தார்கள். அதைக் கேட்கக் கூடாதவனும் இருந்தான்.

"வெறகுக்குங்க" என்றார்.

"விக்கவா?"

"யாராச்சும் வாங்குவாங்கன்னுங்க."

"ஒத்தக் கால வச்சுக்கிட்டு ஒத்தை ஆளாவா வெட்டினீரு? கூட யாரு?"

அதற்கு அவர் பேசவில்லை. அந்த மௌனம்தான் அறிக்கையில் அடையாளம் தெரியாத கூட்டாளிகள் சிலராக ஆனது. மற்றவை அவர் வாயால் வந்தவை. அதாவது அறிக்கையை எழுதியவர்மீது குற்றம் ஏதும் இல்லை.

"நம்ம அருள் மரத்தையாப்பா?" என்று மட்டும் இலியாஸ் கேட்டான். பிறகு ஜாமீனுக்கு அவனே கையெழுத்துப் போட்டான். மெடிக்கல் கடையில் நான்கு கால் வைத்த அலுமினியத் தடி ஒன்று வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தான். பெரியவருக்கு மகன் போனதில் புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் தாழ்ந்த குரலில் சொல்லி, அவருடைய மானத்தைக் காப்பாற்றினான்.

அந்த வாரமே வளைவில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, அடியில் சிமென்ட் போட்டு, புதிய பிளக்ஸை நிறுத்தினான். லைட்டும் வைத்தான். முன்பு வெள்வேலத்தின் கிளைகள் படத்தில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தன. இப்போது மறைக்க ஒன்றும் இல்லாததால், சென்னிமலையின் வாசலில் நின்றாலே அருள்செல்வன் சிரிப்பது தெரிந்தது.

பரீட்சை முடிந்தது. ஜெயபாரதி இரண்டு பையும் குழந்தையுமாகக் கிளம்பினாள். ஆட்டோ வரும்வரை மாமனாரின் பக்கத்திலேயே நின்றாள்.

"நீங்க எனக்காகப் பண்ணுனீங்கன்னு தெரியுமுங்க மாமா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அம்மிணி. வெறகுக்குத்தான்."

ஆட்டோ வளைவில் திரும்பும்போது குழந்தையின் கை வெளியே வந்து ஆடியது. அது தனக்கா, படத்துக்கா என்று அவருக்குத் தெரியவில்லை.

டீக்கடையில் இப்போது அவரை யாரும் கேலி செய்வதில்லை. அலுமினியத் தடியைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அவரும் உட்கார்ந்து குடிக்கிறார். வாய்தாவுக்கு வாய்தா இலியாஸ் காரில் அழைத்துப்போய்க் கொண்டுவந்து விடுகிறான். வழக்கு இன்னும் நடக்கிறது.

சென்னிமலை செய்தது இவ்வளவுதான்: மகனின் படத்தை எடுத்துவிடு என்று மகனின் நண்பனிடம் சொல்ல வாய் வராமல், அந்த மரத்தை வெட்டினார்.