ஹிமாயா திருத்திய தண்ணீர் அறிவித்தல்

கல்முனையில் வீட்டு மேல்மாடியில் கணினியோடு இருந்து வேலை பார்ப்பவள் ஹிமாயா. கொழும்புக் கம்பனிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. அலுவலகங்கள் வெளியிடும் தாள்களைச் சனங்களுக்கு விளங்குகிற மாதிரி மாற்றியும் கொடுப்பாள். களைத்துப்போனது அந்த வேலையில்தான்.

போன சிறுபோக நெற்செய்கையின்போது நீர்ப்பாசன அலுவலகத்தின் வாய்க்கால் தண்ணீர் அறிவித்தல் அவள் கைக்கு வந்தது. கடைகளில் ஒட்டும் தாள் ஒன்று, விவசாயிகளின் போனுக்குப் போகும் குறுஞ்செய்தி ஒன்று. பழைய தாளில் முதலில் சட்டப் பிரிவு, அடுத்துப் பதவிப் பெயர்கள். எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, என்றைக்குத் தண்ணீர் என்பது கடைசிப் பந்திக்குள் கிடந்தது. ஹிமாயா அந்த நாளைத் தூக்கித் தாளில் மேலே பெரிதாகப் போட்டாள், குறுஞ்செய்தியிலும் அதையே முதலில் வைத்தாள். பிறகு பஸ் ஏறிச் சொறிக்கல்முனைக்குப் போய், அழகரெத்தினம் என்ற விவசாயியிடம் இரண்டு தாளையும் கொடுத்தாள். பழையதை அவர் பாதியில் மடித்து வைத்துவிட்டார். புதியதைப் பார்த்ததும், "வெள்ளிக்கிழமை நமக்கு. அதுக்குள்ள வரம்பக் கட்டோணும்" என்றார்.

அலுவலகத்துக்கு அது பிடிக்கவில்லை. சட்டப் பிரிவு மேலே வேண்டுமாம். மாற்றினாள். இலச்சினை சின்னதாகிவிட்டதாம். அதையும் மாற்றினாள். அவர்களுடைய கணினியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடைந்ததற்கும் அவளையே குறை சொன்னார்கள். ஒருநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு அந்தப் பாயிலேயே உறங்கிப்போனாள்.

இதற்கிடையில் ஒலுவில் பல்கலைக்கழகத்தில், தொழில்நுட்பத்தில் சாதித்த பெண் என்று அவளை மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். கஜனி என்ற மாணவி எழும்பி, களைக்காமல் எப்படி வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"களைக்கிறதுதான், தங்கச்சி," என்றாள் ஹிமாயா. "விட்டுட்டுப் போவமெண்டு அடிக்கடி நினைக்கிறன். ஆனா விளங்காத தாளொண்டக் கண்டா சும்மா இருக்க ஏலாம இருக்கு."

யாரும் கைதட்டவில்லை. கஜனி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

கடைசியில் தாள் பழையபடியே அச்சாகி வந்தது. குறுஞ்செய்திக்குள் இலச்சினை போட வழியில்லாததால் அதை மட்டும் எவரும் தொடவில்லை. தண்ணீர் திறந்த அன்று அழகரெத்தினம் அவளுக்குப் போன் எடுத்தார். செய்தியைத் தானே வாசித்துப் பக்கத்து வயல்காரருக்கும் சொன்னாராம். அவளுக்குச் சந்தோசம்தான், அதைச் சொல்லத்தான் தெம்பில்லை.

அடுத்த கிழமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அடுத்து வரும் பெரும்போகத்துத் தாளையும் செய்து தருவாளா என்று கேட்டார்கள்.

"ஓம், அனுப்புங்க," என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.