சகலை கைக்குப் போன சுவிட்ச்

துணைமின் நிலைய ஆபரேட்டருக்குத் தன் சகலையை நினைத்தாலே வயிறு எரியும். மனைவியின் தங்கையைக் கட்டியவன், வயதில் சின்னவன். நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டி இங்கே இருக்கும் பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்துவான், மூடிக் கரண்டை விடுவான்.

அதுவரை அந்த வேலையைச் செய்தது இவருடைய கை. கரண்டு போனால் டாக்டர் முதல் மாவு மில்காரர் வரை இவருக்குத்தான் போன் போட்டுக் குழைவார்கள். இவரும் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டுதான் பதில் சொல்வார். பேனலுக்குப் பேனல் கேபிள் இழுத்து, நகரத்திலிருந்தே இயக்குவதற்கான பெட்டி மாட்டிய பிறகு அந்த போன் வாயே திறப்பதில்லை. வீட்டிலோ தங்கை வீட்டுக்காரர் புராணம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மேலதிகாரிகள் முன்னால் அவன் ஒரு லைனை இயக்கிக் காட்டப் போகிறான் என்று மனைவி பூரித்துப் போய்ச் சொன்ன அன்று, இவருக்குப் பொறுக்கவில்லை. பேனலில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது ‘ரிமோட்’டில் இருந்தால் அங்கிருந்து இயக்கலாம்; ‘லோக்கலில்’ இருந்தால் இங்கே நிற்பவர் வைத்ததுதான் சட்டம். டியூட்டிக்குப் போனதும் அதை லோக்கலில் திருப்பிவிட்டு, போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெஞ்சட்டும், அப்புறம் பார்க்கலாம்.

போன் அடித்தது. வேண்டுமென்றே கொஞ்ச நேரம் அடிக்கவிட்டு எடுத்தார்.

சகலை குரலைத் தாழ்த்திப் பேசினான். "அண்ணே, சுவிட்ச் லோக்கல்ல இருக்கு. நீங்க எப்ப திருப்புனீங்கன்னுகூட இங்க ஸ்கிரீன்ல வருது. நான் சிக்னல் கிடைக்கலன்னு சொல்லி வச்சிருக்கேன். யாரும் பாக்குறதுக்குள்ள மாத்திடுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். எழுந்து போய் சுவிட்சைத் திருப்பினார். சற்று நேரத்தில் பிரேக்கர் தானாகவே தடாலென்று மூடிக்கொண்டது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சிரித்த முகமாகத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தங்கை போனில் பேசினாளாம்.

"அண்ணன் மட்டும் இல்லன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும்னு அவ வீட்டுக்காரர் ஒரே புகழ்ச்சியாம் உங்களப் பத்தி."

தம்ளரை அப்படியே கீழே வைத்தார். நல்லவனாக இருப்பதிலும் அவனே முந்திக்கொண்டானே என்று ஆபரேட்டருக்கு வயிறு இன்னும் எரிந்தது.