சிவப்புப் புள்ளிகளை அழித்தவர்

நொதியின் படத்தைத் திரையில் திறந்ததும் எங்கள் தலைவர் முதலில் செய்வது ஒரே காரியம்தான். படம் முழுக்கச் சிதறியிருக்கும் சிவப்புப் புள்ளிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, சுண்டுவிரலால் ஒரு பொத்தானைத் தட்டி அழிப்பார். "குப்பைய கூட்டியாச்சு" என்பார். ஆறு வருடம் பார்த்தேன். பல் தேய்ப்பது போலச் செய்தார், அதே அளவு யோசனையுடன்.

அந்தப் புள்ளிகள் நீர் மூலக்கூறுகள். புற்றுநோய்ச் செல்கள் பெருக உதவும் ஒரு நொதியை முடக்க, அதன் குழிக்குள் போய் அடைத்துக்கொள்ளும் சிறு மூலக்கூறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். கணினி லட்சக்கணக்கானவற்றைக் குழியில் பொருத்திப் பார்த்து மதிப்பெண் போடும். தேறியவற்றை ஆய்வக அக்கா உண்மையான நொதியில் சோதிப்பார். தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மதிப்பெண்'. கணினி போட்டதைத் தன் பிள்ளை வாங்கியது போல ஊரெல்லாம் சொல்லுவார்.

நாற்பத்து மூன்று மூலக்கூறுகள் தேறின. அக்காவின் மேஜையில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா. உங்க கைதான் நடுங்குது," என்றார் தலைவர், கூட்டத்தில் எல்லார் முன்னாலும்.

"என் கை நடுங்கினா, இதே நொதிய முடக்குற பழைய மருந்து மட்டும் எப்படி சார் ஒவ்வொரு தடவையும் சரியா வேலை செய்யுது?" அக்கா அதே நொதியின் ஏழு படங்களைப் பரப்பினார். வெவ்வேறு ஆய்வகங்கள் வெளியிட்டவை. "ஏழுலயும் குழியோட அடியில அதே இடத்துல ஒரு புள்ளி இருக்கு. நொதி அதை விடாம பிடிச்சு வெச்சிருக்கு. நீங்க அதை அழிச்சிட்டு, காலி வீடுன்னு ஆள் அனுப்புறீங்க."

"குழாய் கழுவுற வேலைய பாருங்க. படம் பார்க்க நாங்க இருக்கோம்."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மேலே இருப்பவர் சிரிக்கும் இடத்தில் சிரிப்பதும் படிப்பில் சேர்த்தி என்று நினைத்திருந்தேன்.

அக்காவின் சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல என்று ஆய்வை மேற்பார்வையிடும் குழுவுக்குத் தலைவர் அறிக்கை எழுதினார். அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

அக்கா போன மூன்றாம் வாரம், தலைவர் வெளியூரில் இருந்தபோது, அந்த ஒரு புள்ளியை மட்டும் விட்டுவைத்துக் கணக்கை மறுபடி ஓட்டினேன். பழைய நாற்பத்து மூன்றும் பட்டியலின் அடியில் போய் விழுந்தன. புதிதாக மேலே வந்தவற்றில் ஐந்தாவது, நொதியை முடக்கியது. சோதித்தது புதிதாக வேலைக்கு வந்தவர். அக்கா விட்டுப்போன குறிப்பேட்டை வரி மாறாமல் பின்பற்றித்தான்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தத் தண்ணி மேல எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஒரு கண்ணு." தெரிந்து பொய் சொல்பவனிடமாவது ஒரு சாமர்த்தியம் இருக்கும். இவர் தானே நம்பிவிட்டார்.

அக்கா தலைவரிடம் போனில் கேட்டது ஒரு கடிதம் மட்டும். வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் குழுவுக்குப் போன அந்த அறிக்கையைக் காட்டிக் கதவைச் சாத்துகிறார்கள். சோதனைகள் சரியாகத்தான் இருந்தன என்று ஒரு வரி வேண்டும்.

"அதுக்கென்னம்மா, அடுத்த வாரம் எழுதிடறேன்." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வேலை போச்சு, வாய் போகலை பாரு."

போன மாதம் ஓய்வு பெற்றார். நாலு பக்க நன்றியுரையில் கணினிக்குக்கூட நன்றி இருந்தது. அவர் அறையை ஒழித்தது நான்தான். 'கடிதம்' என்று ஒரு கோப்பு கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, 'குழுவினருக்கு', அதன் கீழே வெறுமை. அந்த வரியை நான் எழுதியிருக்கலாம். என் கையெழுத்தை யார் மதிப்பார்கள் என்று கேட்டே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

அக்கா கண்ணாடிக் குப்பிகள் விற்கும் கடையில் பில் போடுகிறார். மாதம் ஒருமுறை கேட்பார்: "லெட்டர் போச்சாப்பா?"

இன்னும் போகவில்லை.